நிற்கும்போது எரியும் எண்ணெய்



இந்த வாரத் தியானத்திற்கான பொருள் வாகனக் கடையிலிருந்து வந்திருக்கிறது. போனஸ் கைக்கு வந்த மாதம் ஆகையால், சபையில் மூன்று நான்கு குடும்பங்கள் புதிய ஸ்கூட்டர் எடுக்க ஆயத்தமாகின்றன. ஜெபக்கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும் நேரத்தில் அவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, சிக்னலில் எஞ்சின் தானாக நின்றுவிடுகிறதாம். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் தானாக ஓடுகிறதாம். அந்த வசதி உள்ள வண்டிக்குக் கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?"

இது போதகரிடம் கேட்கும் கேள்வியா என்று அருகில் நின்ற மூப்பர் ஒருவர் புன்னகைத்தார். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி தவணைக்கே போகும் வீட்டில், மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதா வேண்டாமா என்பது ஜெபத்தோடு யோசிக்க வேண்டிய கேள்விதான் என்பது என் எண்ணம்.

மேலும் ஜூஜுவாடியில் வாழும் நமக்கு இது அயலான பொருளன்று. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் வெளிவந்தது நம் ஓசூரிலிருந்துதான். நம் சபைக்கு வருவோரில் பலர் சிப்காட்டில் ஏதோ ஒரு வண்டியின் ஏதோ ஒரு பாகத்தைச் செய்துவிட்டு, கையிலுள்ள எண்ணெய்க் கறை முழுவதும் போகாமலே மாலை ஜெபத்திற்கு வந்து அமர்பவர்கள். எழுதுமுன் அவர்களில் இருவரிடம் கேட்டுக்கொண்டேன். எஞ்சினைப் பற்றி நான் எதையேனும் தவறாகச் சொல்லியிருந்தால், அடுத்த ஞாயிறு ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே திருத்திவிடுவார்கள்.

முதலில் இது எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி முற்றிலும் நின்று, ஆக்ஸிலேட்டரிலிருந்து கை தளர்ந்து, சில நொடிகள் கடந்தால், வண்டியிலுள்ள சிறிய கணினிப் பெட்டி எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்வதை நிறுத்திவிடுகிறது. சாவி ஆன் நிலையிலேயே இருக்கும். முகப்பு விளக்கும் எரியலாம். எஞ்சின் நிரந்தரமாக நிற்கவில்லை, காத்திருக்கிறது என்று காட்ட மீட்டரில் ஒரு சிறு விளக்கு மின்னும். ஆக்ஸிலேட்டரைத் திருகிய மாத்திரத்தில் எஞ்சின் மீண்டும் ஓடத் தொடங்கும்.

பழைய வண்டிகளின் செல்ஃப் மோட்டார் ஒரு பற்சக்கரத்தை எஞ்சினோடு இணைத்துச் சுழற்றியது. அதனால்தான் விடியற்காலையில் தெருவே விழிக்கும்படி ஒரு கரகரப்பு எழும். ஒரு நாளைக்கு ஐம்பது முறை அப்படிச் செய்தால் பற்கள் தேய்ந்துவிடும். இப்போதைய வண்டிகளில் எஞ்சினின் சுழல்தண்டிலேயே ஒரு மின்பொறி அமர்ந்திருக்கிறது. ஓடும்போது அது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிறது. தொடங்கும்போது அதுவே மோட்டாராகி எஞ்சினைச் சுழற்றுகிறது. மோதுவதற்குப் பற்கள் இல்லை, ஆகவே ஓசையும் இல்லை.

இந்த எண்ணம் புதிதன்று. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திவைத்து உலகமே பெட்ரோலுக்குத் திண்டாடிய காலத்தை ஒட்டி, ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் தன் கிரௌன் காரில் இத்தகைய அமைப்பைப் பொருத்திப் பார்த்தது. நம் நாட்டு இருசக்கர வாகனங்களில் 2014-ல் ஹீரோவின் ஸ்பிளெண்டர் ஐஸ்மார்ட் இதைக் கொண்டுவந்தது. ஸ்கூட்டரில் 2019-ல் ஹோண்டாவின் ஆக்டிவா 125-லும், 2021-ல் டி.வி.எஸ். ஜூபிடரின் ஒரு வகையிலும் வந்தது. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பி.எஸ்.6 விதி கட்டாயமானபோது கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஊசி முறை ஸ்கூட்டர்களுக்கு வந்தது இதற்குப் பேருதவியாயிற்று.

இனி பணக் கணக்கு. நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி. ஸ்கூட்டர் எஞ்சின் நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 150 மில்லி பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு வண்டி கூடலாம், குறையலாம். இங்கிருந்து அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குச் செல்லும் ஒரு சகோதரர், போகவும் வரவுமாக நாளொன்றுக்குப் பத்து நிமிடம் சிக்னல்களில் நிற்கிறார் என்போம். அவருக்கு ஒரு நாளில் மிஞ்சுவது 25 மில்லி. இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் இரண்டு மூன்று முறை ஊற்றும் அளவு. ஆண்டுக்கு முந்நூறு நாள் என்றால் ஏழரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் எழுநூற்றைம்பது ரூபாய். (எல்லையின் எந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். சில மாதங்களில் அதற்காகவே மாநிலம் கடந்து வருகிறவர்களும் நம்மில் உண்டு.)

மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்தவர் அதை மீட்க நான்கு ஆண்டுகள் ஆகும். தவணையில் எடுத்தால் வட்டியும் சேரும். இடையில் பேட்டரி ஒன்று மாற்ற நேர்ந்தால் கணக்கு இன்னும் தள்ளிப்போகும். இது சிக்னலில் நிற்கும் சகோதரரின் கணக்கு. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டருக்குள் வீடு திரும்பும் சகோதரிக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. எஞ்சின் போதிய அளவு சூடேறிய பிறகே இந்த வசதி வேலை செய்யும். நம் ஊரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் எஞ்சின் சூடேறுவதற்குள் பள்ளி வாசல் வந்துவிடும். வழியில் சிக்னலும் இல்லை. அந்தச் சகோதரியிடம், "அம்மா, இதற்கென்று ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு நல்ல ஹெல்மெட் வாங்குங்கள்" என்று சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

"அணைத்து அணைத்துத் தொடங்கினால்தானே அதிகப் பெட்ரோல் செலவாகும்?" என்று வயதானவர்கள் கேட்கிறார்கள். சோக்கை இழுத்து, நாலைந்து உதை உதைத்து வண்டி எழுப்பிய காலத்தில் அவர்கள் கற்ற பாடம் அது. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் கார்களை வைத்து அளந்து பார்த்தது. பத்து நொடிக்கு மேல் நிற்பதானால், அணைத்துத் தொடங்குவதே சிக்கனம் என்று அது கண்டது. சூடேறிய சிறிய ஸ்கூட்டர் எஞ்சின் அதைவிட எளிதில் எழும்பிவிடும்.

இவ்வளவோடு முடிந்தால், "லாபம் சிறிது, விட்டுவிடுங்கள்" என்று எழுதி நான் எழுந்திருப்பேன். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு தரப்பினர் விடுபட்டிருக்கிறார்கள்.

மாநில எல்லையில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்திருப்பீர்கள். ஷிப்ட் முடிந்த இருசக்கர வாகனங்கள் லாரிகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு சந்திலும் புகுந்து நிற்கின்றன. நகர வழியில்லை. ஆயினும் அத்தனை எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வண்டியில் இருப்பவர்களாகிய நாம் ஐந்து நிமிடத்தில் அவ்விடத்தைக் கடந்துவிடுவோம். கொய்யாப் பழத்தை உப்பு மிளகாய்ப் பொடியோடு நறுக்கி விற்கும் அம்மாள் கடக்கப்போவதில்லை. முழ அளந்து பூ விற்பவரும், விசில் ஊதி ஊதித் தொண்டை வறண்ட போக்குவரத்துக் காவலரும் அங்கேயே நிற்பார்கள். நகராமல் நிற்கும் வண்டியின் புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடும் எரிந்து தீராத பெட்ரோல் ஆவியும் வருகின்றன. ஸ்கூட்டரின் புகைக்குழாய் இருக்கும் உயரத்தைக் கவனியுங்கள். பின்னால் நிற்கும் வண்டியில் தந்தைக்கு முன்னால் நிற்கும் குழந்தையின் முகத்திற்கும் அதற்கும் இடைவெளி அதிகமில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு காற்றில் சேர்கிறது. நம் சகோதரரின் ஏழரை லிட்டர் ஆண்டுக்குப் பதினேழு கிலோ. ஒருவருக்கு இது அற்பம்தான். ஆனால் நம் நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருசக்கர வாகனங்கள். 2020 அக்டோபரில் டெல்லி அரசு, சிவப்பு விளக்கு எரியும்போது வண்டியை அணையுங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தியது. தொண்டர்கள் சந்திகளில் பதாகை பிடித்து நின்று, ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் அணைப்பார், பக்கத்தில் இருப்பவர் அணைக்கமாட்டார், முந்திக்கொண்டு போய்விடுவார் என்ற பயத்தில் அவரும் அணைக்கமாட்டார். மனிதர் மனதோடு போராடித் தோற்கும் அந்த இடத்தில் இந்தச் சிறு கருவி போராட்டமே இல்லாமல் வேலையை முடித்துவிடுகிறது. இதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பணம் நமக்கு மிஞ்சுவது கொஞ்சம். காற்று பிறருக்கு மிஞ்சுகிறது. ஐயாயிரம் பேர் உண்ட பின்னும் மீந்த துணிக்கைகள் பன்னிரண்டு கூடை நிறையச் சேர்க்கப்பட்டதை யோவான் எழுதி வைத்திருக்கிறாரே, ஒவ்வொருவர் கையிலும் மிஞ்சியது ஒரு விள்ளல் அளவுதான் இருந்திருக்கும்.

இந்தக் கருவியைப் பற்றி யோசித்தபோது மத்தேயு 25-ம் அதிகாரத்தின் பத்துக் கன்னிகைகள் மனதில் வந்தார்கள். குருத்துவக் கல்லூரியில் கிரேக்கம் பயின்றபோது ஒன்றைக் கவனித்தேன். மலைப்பிரசங்கத்தில் வீட்டில் ஏற்றும் விளக்குக்கு ஒரு சொல், இந்த உவமையில் வேறு ஒரு சொல். ஆங்கிலம் படிப்பவர்களில் பலர் இரண்டையும் விளக்கு என்றே படித்துப் பழகியவர்கள். நம் பழைய தமிழ் வேதாகமமோ இங்கே 'தீவட்டி' என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது. மொழிபெயர்த்தவர்களின் கூர்மையை எண்ணி இன்றும் வியக்கிறேன். தீவட்டி அகல்விளக்கைப்போல இரவு முழுவதும் நின்று எரிவதன்று. எண்ணெயில் தோய்த்த துணி கொழுந்துவிட்டுச் சிறிது நேரமே எரியும். மறுபடி எண்ணெய் ஊற்ற வேண்டும். ஆகவே, மணவாளன் தாமதித்தபோது பத்துப்பேரும் தீவட்டிகளை எரியவிடாமல் வைத்துக்கொண்டே உறங்கினார்கள், சத்தம் கேட்ட பிறகே கொளுத்தினார்கள் என்று வேத அறிஞர்களில் சிலர் கருதுகிறார்கள். புத்தியில்லாதவர்கள் தங்கள் தீவட்டி அணைந்துபோவதாகச் சொன்னதைக் காட்டி, அவை முன்பே எரிந்துகொண்டிருந்தன என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது. காத்திருக்கும் நேரமெல்லாம் எரிந்துகொண்டே இருப்பதுதான் ஆயத்தம் என்று நாம் நினைக்கிறோம். அவர்களில் புத்தியுள்ளவர்களுடைய ஆயத்தமோ பாத்திரத்தில் இருந்தது.

ஸ்கூட்டரில் அந்தப் பாத்திரம் பேட்டரி. அதில் வலு இல்லையென்றால் இந்த வசதி தானே ஒதுங்கிக்கொள்ளும்; எஞ்சினை நிறுத்தவே செய்யாது. "முன்பெல்லாம் சிக்னலில் நின்றது, இப்போது நிற்பதில்லை" என்று யாராவது சொன்னால், முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு எப்போதும் எரியவேண்டும் என்பது 2017-லிருந்து வந்த விதி. எஞ்சின் நின்று விளக்கு மட்டும் எரியும் வண்டியில் அந்தச் சுமையும் பேட்டரியின் தலையில்தான். வாரத்தில் ஒருநாள் மட்டும் வண்டி எடுப்பவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

இனி நான் சொல்லப்போவதை, இந்த வசதியுள்ள வண்டி ஏற்கெனவே வைத்திருக்கும் பெற்றோர் அருள்கூர்ந்து இரண்டு முறை படிக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஆராதனை முடிந்து ஒரு தம்பி ஆலய வாசலில் ஸ்கூட்டரில் அமர்ந்தபடியே என்னோடு பேசிக்கொண்டிருந்தார். மூன்று வயது மகள் அவருக்கு முன்னால் நின்றிருந்தாள். பேச்சின் நடுவில் எஞ்சின் தானாக ஓய்ந்தது. ஓசை நின்றதால் வண்டி அணைந்துவிட்டது என்றே அவர் மனம் எடுத்துக்கொண்டது. பிரேக்கிலிருந்து கையை எடுத்து, சட்டைப்பையில் எதையோ தேடினார். குழந்தை தன் இரண்டு கைகளாலும் ஆக்ஸிலேட்டரைப் பிடித்து விளையாட்டாகத் திருகினாள். வண்டி உயிர்பெற்றுப் பாய்ந்தது. மூன்றடி தூரத்தில் மதிற்சுவர் இருந்தது. குழந்தையின் உதடு கிழிந்தது, இரண்டு தையல். சுவருக்குப் பதிலாகச் சாலை இருந்திருந்தால் என்று அந்தத் தாய் மருத்துவமனையில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உடன் அமர்ந்திருந்தேன்.

கியர் உள்ள பைக்கில் இந்த ஆபத்து இவ்வளவு இல்லை. ஸ்கூட்டரிலோ கியரும் இல்லை, பிடிக்கக் கிளட்சும் இல்லை. எஞ்சின் வேகமெடுத்தால் சக்கரம் தானே சுழலும். முன்பு எஞ்சினின் ஓசை நமக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்தது. இப்போது அந்த எச்சரிக்கை போய்விட்டது. மீட்டரில் மின்னும் சிறு விளக்கைப் பகல் வெயிலில் யார் பார்க்கிறார்கள்? ஆகவே சிக்னல் தவிர வேறு எங்கு நின்றாலும், பேசுவதற்கோ, பால் வாங்குவதற்கோ, குழந்தையை ஏற்றி இறக்குவதற்கோ, சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். ஏற்றும்போது பெரியவர் அமர்ந்த பிறகு குழந்தை, பிறகு சாவி. இறக்கும்போது முதலில் சாவி. சிக்னலில் நிற்கும்போதும் பிரேக்கிலிருந்து கை அகலவேண்டாம். கடையில் வண்டி விற்கும் பிள்ளைகள் மைலேஜைப் பற்றிக் கால்மணி நேரம் பேசுகிறார்கள். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். விலை பேசுமுன் நீங்களே கேட்டு, செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஊர்ந்து ஊர்ந்து செல்லும் நெரிசலில், ஐந்து நொடி நின்று இரண்டடி நகரும் இடத்தில், இந்த வசதியை அணைத்துவைக்க ஒரு பொத்தான் பல வண்டிகளில் உண்டு. அதைப் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் எல்லை தாண்டியதும் மீண்டும் போட்டுவிடுங்கள். ஒருமுறை அணைத்தவர்கள் பெரும்பாலும் மறந்தே போகிறார்கள் என்று நம் மெக்கானிக் சகோதரர் சொன்னார்.

ஆக, கேட்டவர்களுக்கு என் பதில்: நீங்கள் விரும்பும் வண்டியில் இது சேர்ந்தே வருமானால் மகிழ்ச்சியோடு எடுங்கள், எடுத்தபின் பயன்படுத்துங்கள். தினமும் பெங்களூரு பக்கம் செல்பவர்கள் சிறிது கூடக் கொடுத்தாலும் வீணில்லை. அதைப் பெட்ரோல் சேமிப்பு என்று எண்ணாமல், வழியோரத்தில் நிற்பவர்களுக்குச் செய்யும் கடமை என்று எண்ணிக் கொடுங்கள். உள்ளூருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்குத் தேவையில்லை. இன்னும் சில ஆண்டுகள் பொறுக்க முடிந்தவர்கள் மின்சார வண்டியையும் எண்ணிப் பார்க்கலாம். நின்றால் எரிவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஏதர் வண்டிகள் ஓசூரில் செய்யப்படுகின்றன, ஓலாவின் தொழிற்சாலை நம் மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். ஒன்று மட்டும்: அந்த வண்டிகள் எப்போதுமே ஓசையற்றவை. குழந்தையைக் குறித்து மேலே சொன்னது அவற்றுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

என்னைப்போலப் பத்து ஆண்டுப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சாவி இருக்கிறது. நொடிகளை இறங்கு வரிசையில் காட்டும் சிக்னல்களில் எண் இருபதுக்கு மேல் இருந்தால் அணைத்துவிடுகிறேன், ஐந்து வரும்போது தொடங்குகிறேன். எண் காட்டாத சிக்னல்களில், முன்னால் நிற்கும் லாரி ஓட்டுநர் இறங்கி டயரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினால் அணைத்துவிடலாம்.